நன்றி சொல்ல இயலாத நாராயணர்

விநாயக சதுர்த்தியில் தொடங்கி மகர சங்கராந்தி வரையிலான மாதங்கள் நம் நாட்டில் பண்டிகைக் காலம். நவராத்திரி, துர்க்கா பூஜை, விஜயதசமி, தீபாவளி, திருக்கார்த்திகை, கிறிஸ்துமஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் திருநாட்களில் இல்லங்கள் ஒளி பெறுகின்றன. கோயில்களில் கூட்டம் பெருகுகிறது. ரசீதுப் புத்தகங்களும் உண்டியல்களும் வீதிகளில் வலம் வருவதும் இக்காலத்தில்தான். பந்தல் அமைக்க, அன்னதானம் செய்ய, ஏழைக் குழந்தைகளுக்குப் புத்தாடை வழங்க, மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு உதவ என்று நன்கொடை கேட்டு வருபவர்களை நாம் அனைவரும் சந்திக்கிறோம். சிலருக்கு மகிழ்ச்சியுடன் கொடுக்கிறோம். சிலருக்குத் தயக்கத்துடன் கொடுக்கிறோம். சிலரைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொள்வதும் உண்டு.

பண்டிகைக்கும் தானத்திற்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று. தான் மட்டும் உண்டு மகிழ்வதைப் பண்டிகை என்று நம் முன்னோர் ஏற்றுக்கொண்டதில்லை. ஆனால் கையிலிருந்து போவதெல்லாம் தானம் ஆகிவிடுமா? இந்தக் கேள்வியைப் பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் எழுப்பி, விடையும் தருகிறது. அங்கே 20-ஆம் சுலோகம் முதல் மூன்று சுலோகங்களில் பகவான் ஸ்ரீகிருஷ்ணர் தானத்தை மூன்றாகப் பகுத்துக் காட்டுகிறார். கொடுப்பது கடமை என்ற உணர்வுடன், உரிய இடத்தில், உரிய காலத்தில், உரியவருக்கு, அதுவும் திருப்பிச் செய்யாத ஒருவருக்குக் கொடுப்பது சாத்துவிக தானம். பலனை எதிர்பார்த்தோ மனம் வருந்தியோ கொடுப்பது ராஜச தானம். இடமும் காலமும் பொருந்தாமல், மரியாதையின்றி, பெறுபவரை இகழ்ந்து கொடுப்பது தாமச தானம்.

இந்தப் பகுதியை மொழிபெயர்க்க முற்படும் எவரையும் நிறுத்தி வைக்கும் ஒரு சொல் உண்டு. அது 'அனுபகாரி' என்பது. 'உபகாரம் செய்யாதவர்' என்று நேராக எழுதினால் ஏதோ குறை கூறுவது போல் ஒலிக்கிறது. ஸ்ரீ சங்கரர் தமது பாஷ்யத்தில் இதற்குப் பதிலுதவி செய்யும் ஆற்றல் இல்லாதவர் என்று பொருள் உரைக்கிறார். ஆற்றல் உள்ளவரே ஆனாலும் அவரிடம் எதையும் எதிர்பாராமல் கொடுப்பதையும் அதில் சேர்த்துக்கொள்கிறார். 'உரிய இடம்' என்பதற்குக் குருக்ஷேத்திரம் முதலிய புண்ணியத் தலங்களையும், 'உரிய காலம்' என்பதற்குச் சங்கராந்தி முதலிய நாட்களையும், 'உரியவர்' என்பதற்கு வேதமும் அதன் அங்கங்களும் கற்றுத் தேர்ந்தவர் முதலியோரையும் எடுத்துக்காட்டாகத் தருகிறார். ஆக, பண்டிகை நாளில் கொடுப்பதற்குச் சாஸ்திரத்தின் ஆதரவு தெளிவாகவே இருக்கிறது.

இவற்றையெல்லாம் படித்தும் எழுதியும் இருந்த அடியேன், அவற்றின் பொருளை ஒரு மருத்துவமனை வார்டில்தான் கற்க வேண்டியிருந்தது.

இனிப்புப் பொட்டலம்

சில ஆண்டுகளுக்கு முன் வட இந்திய நகரம் ஒன்றில் தங்கியிருந்தபோது, தீபாவளியை முன்னிட்டு அன்பர்கள் சிலர் நிதி திரட்டினார்கள். அங்குள்ள பெரிய மருத்துவமனையில் தலைக்காயத்திற்குச் சிகிச்சை பெறுபவர்களுக்கு இனிப்பும் போர்வையும் வழங்குவது என்று முடிவாயிற்று. அடியேனையும் அழைத்தார்கள். இனிப்புப் பொட்டலங்களுக்கு அழகான தாள் சுற்றப்பட்டிருந்தது. நன்கொடையாளர்களின் பெயர்கள் அதில் அச்சிடப்பட்டிருந்தன. புகைப்படம் எடுப்பதற்கும் ஒருவர் உடன் வந்தார்.

மூன்றாவது கட்டிலில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் படுத்திருந்தார். சரக்கு வண்டி ஓட்டிப் பிழைத்தவர். விபத்து நேர்ந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரை மார்புச் சளிக்காக மீண்டும் சேர்த்திருந்தார்கள். கண்கள் திறந்திருந்தன, ஆனால் பார்வை எவர்மீதும் நிலைக்கவில்லை. மூக்கின் வழியே உணவுக் குழாய் செருகப்பட்டிருந்தது. அவருடைய மார்பின்மேல் இனிப்புப் பொட்டலத்தை வைத்தோம். புகைப்படம் எடுக்கப்பட்டது. அருகில் நின்றிருந்த அவருடைய மனைவி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மிகுந்த மரியாதையுடன் கூறினார்: "மகராஜ், இவரால் எதையும் விழுங்க முடியாது. வாயில் ஒரு துளி வைத்தாலும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிடட்டுமா?"

அடியேனுக்கு நாணமாக இருந்தது. கொடுக்கும் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது எங்களில் ஒருவர்கூட, பெறுபவரால் அதை உண்ண முடியுமா என்று கேட்டிருக்கவில்லை. இனிப்பு நல்ல பொருள்தான். தீபாவளி நல்ல நாள்தான். மருத்துவமனை உரிய இடம்தான். ஆயினும் மரியாதை என்று கீதை கூறும் ஒன்று அங்கே குறைவுபட்டிருந்தது. மரியாதை என்பது கைகூப்புவது மட்டுமன்று. எதிரில் இருப்பவர் யார், அவருக்கு என்ன தேவை என்று அறிந்துகொள்ளும் சிரமத்தை ஏற்பதும் அதில் அடங்கும். இகழ்ச்சி எங்கள் உள்ளத்தில் இல்லை. ஆனால் கவனமும் இல்லை.

மற்றவர்கள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்த பிறகு அந்தப் பெண்மணி குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மகராஜ், நீங்கள் படித்தவர். ஒன்று சொல்லுங்கள். இவர் உள்ளே இருக்கிறாரா?"

தத்துவத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற அடியேன் அன்று அவருக்கு விடை கூறவில்லை. தலையை அசைத்து, ஏதோ ஆறுதல் கூறி, அங்கிருந்து நகர்ந்துவிட்டேன்.

மறைந்திருக்கும் துன்பம்

அந்த மூன்றாவது கட்டில் போன்ற கட்டில்கள் நம் நாட்டில் எத்தனை! மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நேர்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். 4,43,366 பேர் காயமுற்றனர். தலைக்கவசம் அணியாமல் இருசக்கர வாகனத்தில் சென்று உயிரிழந்தோர் 50,000-க்கும் அதிகம். சாலை விபத்து மட்டுமன்று. மாடியிலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ விழுவதாலும், முதியோர் குளியலறையில் வழுக்கி விழுவதாலும், அடிதடியாலும் மூளை காயமுறுகிறது. மூளைக்குச் சில நிமிடங்கள் ஆக்ஸிஜன் கிடைக்காமற்போனாலும் அது சேதமடைகிறது.

உடைந்த எலும்பு கூடிவிட்டதைப் படம் எடுத்துப் பார்க்கலாம். மூளைக் காயத்தின் விளைவுகளோ பல நேரங்களில் வெளியே தெரிவதில்லை. நடக்கிறார், பேசுகிறார், ஆனால் காலையில் நடந்தது மாலையில் நினைவில்லை. கணக்கில் கெட்டிக்காரராக இருந்தவரால் கடையில் சில்லறை எண்ண முடியவில்லை. சாந்தமாக இருந்தவர் சிறு காரணத்திற்கும் சீறுகிறார். சொல்ல நினைத்த சொல் வாயில் வருவதில்லை. சிறிது நேரம் விழித்திருந்தாலே உடல் ஓய்ந்துவிடுகிறது. ஓசையையும் வெளிச்சத்தையும் தாங்க முடிவதில்லை. சிலருக்கு வலிப்பு வருகிறது. உறவினர்களோ, 'பார்க்க நன்றாகத்தானே இருக்கிறான், சோம்பேறித்தனம்' என்று பேசிவிடுகிறார்கள்.

படுக்கையிலேயே இருப்பவரைக் காப்பதோ தனித் தவம். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை இரவும் பகலும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். குழாய் வழியே நேரம் தவறாமல் உணவு செலுத்த வேண்டும். சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். கைகால்கள் விறைத்துப் போகாமல் நாள்தோறும் பயிற்சி தர வேண்டும். இவற்றைச் செய்பவர் பெரும்பாலும் மனைவியாகவோ தாயாகவோ இருக்கிறார். அவர் வேலைக்குப் போக முடியாது. வீட்டில் சம்பாதித்தவர் படுத்துவிட்டார். காப்பவரும் வீட்டோடு கட்டுண்டுவிட்டார். ஒரு தலையில் பட்ட அடி ஒரு குடும்பம் முழுவதையும் சாய்த்துவிடுகிறது.

'உள்ளே இருக்கிறாரா?'

இனி அந்தப் பெண்மணியின் கேள்விக்கு வருவோம். அது எளிய கேள்வியன்று. 17-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக், நேற்றைய மனிதரும் இன்றைய மனிதரும் ஒருவரே என்று நிலைநாட்டுவது நினைவின் தொடர்ச்சியே என்று வாதிட்டார். 1848-இல் அமெரிக்காவில் பினியாஸ் கேஜ் என்ற ரயில்பாதைத் தொழிலாளர் தலைவரின் மண்டையை ஓர் இரும்புக் கம்பி துளைத்துச் சென்றது. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் குணம் மாறிவிட்டது, பழைய மனிதர் அல்லர் என்று அவரை அறிந்தவர்கள் கூறினார்கள். நினைவும் குணமும் மூளையைச் சார்ந்தவையானால், மூளை சிதைந்தபின் எஞ்சுவது யார்? மருத்துவமனையில் கணவரின் முகத்தைத் துடைத்துக்கொண்டே அந்தப் பெண்மணி கேட்டது இதைத்தான்.

வேதாந்தம் இங்கே ஒரு பகுப்பைச் செய்கிறது. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய நான்கையும் அது அந்தக்கரணம், அதாவது உட்கருவி என்றே அழைக்கிறது. கண் பார்ப்பதற்குக் கருவியாக இருப்பதுபோல் மனம் அறிவதற்குக் கருவி. கருவி பழுதுபடலாம். கருவியைக் கருவி என்று அறிந்து ஒளிர்விக்கும் சைதன்யம் பழுதுபடுவதில்லை. நாம் ஒவ்வொருவரும் இரவுதோறும் ஆழ்ந்த உறக்கத்தில் பெயரையும் ஊரையும் உறவையும் மறந்து கிடக்கிறோம். அப்போது நம்மிடம் நினைவு இல்லை, பேச்சு இல்லை, குணமும் இல்லை. அதனால் நாம் இல்லாமற்போய்விட்டோம் என்று எவரும் நமக்கு ஈமக்கடன் செய்வதில்லை. விளக்கின் கண்ணாடியில் கரி படிந்தால் வெளிச்சம் வெளியே வராது. உள்ளே சுடர் அணைந்துவிட்டது என்று அதற்குப் பொருளன்று.

மருத்துவத்திலும் சிந்தனைக்குரிய ஒரு செய்தி உண்டு. தலைக்காயமுற்றவரின் விழிப்புநிலையை அளக்க, 1974-இல் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் உருவாக்கிய அளவுகோல் உலகெங்கும் பயன்படுகிறது. கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் தருவார்கள். முழு விழிப்புக்கு 15. எதற்குமே அசையாதவருக்கு 3. அந்த அளவுகோலில் பூஜ்யம் இல்லை. மருத்துவர்கள் வேதாந்தத்தை எண்ணி அவ்வாறு அமைத்தார்கள் என்று கூற வரவில்லை. ஆயினும் ஒருவரைப் பூஜ்யம் என்று எழுதுவதற்கு அங்கே இடமே இல்லை என்பது நம் நினைவில் இருக்கத்தக்கது.

ஆனால் இந்தத் தத்துவத்தைக் கையாளும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 'ஆத்மாவுக்கு அழிவில்லை, ஆகவே கவலைப்படாதே' என்று கூறிவிட்டு வெளியேறுவது வேதாந்தமன்று. வேதாந்தத்தின் பின்னால் ஒளிந்துகொள்வது. ஸ்ரீராமகிருஷ்ணர் 1884-இல் ஒருநாள், உயிர்களிடம் தயை காட்டுதல் என்ற வைணவக் கோட்பாட்டை விளக்கிக்கொண்டிருந்தபோது பரவச நிலையில் ஆழ்ந்தார். தயை காட்ட நாம் யார் என்று கேட்டு, ஜீவனைச் சிவனாகக் கண்டு சேவை செய்வதே உகந்தது என்று உணர்த்தினார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த நரேந்திரர் பின்னாளில் அந்த ஒரு கருத்தின்மீதே ஒரு பேரியக்கத்தைக் கட்டினார். உள்ளே இருப்பவர் சிவன் என்று தெரிந்துவிட்டால், அவரைப் பற்றிப் பேசுவதோடு வேலை முடிந்துவிடாது. அப்போதுதான் பூஜை தொடங்குகிறது. திருமூலரும் இதையே சுட்டினார். கோயிலில் உள்ள மூர்த்திக்கு அளிப்பது நடமாடும் கோயிலான அடியார்க்குச் சேர்வதில்லை. அடியார்க்கு அளிப்பதோ இறைவனுக்கே சேர்கிறது என்பது அவருடைய கருத்து. நடமாட இயலாமற் படுத்துவிட்ட கோயிலுக்கும் இது பொருந்தும் என்பதில் ஐயமில்லை.

இந்தப் பூஜையைச் செய்துகாட்டியவர்கள் நம் காலத்திலேயே இருந்திருக்கிறார்கள். மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியர் அருணா ஷான்பாக் 1973 நவம்பர் 27 அன்று கொடிய தாக்குதலுக்கு ஆளானார். கழுத்து நெரிக்கப்பட்டதால் மூளைக்கு ஆக்ஸிஜன் தடைப்பட்டு, மீளாத நிலைக்குச் சென்றார். 2015 மே 18 அன்று உயிர் நீங்கும்வரை, நாற்பத்தொரு ஆண்டுகளுக்கும் மேலாக அதே மருத்துவமனைச் செவிலியர்கள் அவரைத் தம் குடும்பத்தில் ஒருவராகப் பேணினார்கள். அவருடன் பணியாற்றியவர்கள் ஓய்வு பெற்றார்கள். அடுத்த தலைமுறையினர் அப்பணியை ஏற்றார்கள். அவர் நலமாக நடமாடிய நாட்களைக் கண்டிராத இளம் செவிலியர்களும் அவருக்கு உணவூட்டினார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றமும் அவர்களுடைய தொண்டைப் பாராட்டியது. 'அனுபகாரி' என்ற சொல்லுக்கு அந்த வார்டு ஒரு பாஷ்யம். அவரிடமிருந்து ஒரு நன்றிச் சொல்லை எதிர்பார்க்க அவர்களுக்கு வழியே இருக்கவில்லை.

இடம், காலம், பாத்திரம்

கீதை கூறும் மூன்று அளவுகளையும் இப்போது மீண்டும் எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது காலம். பண்டிகை நாள் தானத்திற்கு உகந்ததுதான். ஆனால் மூளைக் காயத்தின் காலம் வேறு. விபத்து நேர்ந்த முதல் வாரத்தில் உறவினர்கள் திரண்டு வருகிறார்கள். அரசும் உதவுகிறது. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழிசெய்தது. சாலை விபத்தில் காயமுற்றவருக்கு விபத்து நாளிலிருந்து 7 நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் அளவுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை தரும் திட்டம் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது. இவை உயிரைக் காக்கும் ஏற்பாடுகள், போற்றத்தக்கவை. உயிர் காக்கப்பட்ட பின்னரோ எட்டாம் நாள் வருகிறது. எட்டாம் மாதம் வருகிறது. எட்டாம் ஆண்டும் வருகிறது. அப்போது எவரும் வருவதில்லை. ஆகவே தீபாவளியன்று திரட்டும் நிதியை அன்றே செலவழித்துவிடாமல், பங்குனியிலும் ஆடியிலும் தேவைப்படும் என்று பிரித்து வைப்பதே இங்கே 'உரிய காலம்' அறிந்து கொடுப்பது.

இரண்டாவது இடம். மருத்துவமனை வார்டு கண்ணுக்குத் தெரியும் இடம். நோயாளி அங்கிருந்து வீடு திரும்பிய பின் அவர் கிடக்கும் ஒற்றை அறை கண்ணுக்குத் தெரியாத இடம். காற்று மெத்தை, சக்கர நாற்காலி, இயன்முறை சிகிச்சையாளரின் கட்டணம், பேச்சுப் பயிற்சிக்குச் சென்றுவரப் பேருந்துச் செலவு, டயாபர், வலிப்பு மாத்திரை ஆகியவை தேவைப்படுவது அங்கேதான். மருத்துவமனை வராந்தாவில் இரவைக் கழிக்கும் குடும்பத்தாருக்கு ஒருவேளை உணவும் படுக்க ஒரு பாயும்கூடப் பெருந்தானமே. புனேயின் தகடூசேட் அல்வாயி கணபதி அறக்கட்டளை, பக்தர்களின் காணிக்கையைக் கொண்டு அந்நகரின் சாசூன் அரசு மருத்துவமனை நோயாளிகளுக்கு உணவு வழங்கி வந்துள்ளது. திருவிழா உண்டியலுக்கும் மருத்துவமனைக் கட்டிலுக்கும் இடையே இவ்வாறு வழி அமைக்க முடியும்.

மூன்றாவது பாத்திரம், அதாவது பெறத் தகுந்தவர். வேதம் கற்றவரை எடுத்துக்காட்டிய சங்கரர் 'முதலியோர்' என்று கூறிப் பட்டியலை முடிக்காமல் விட்டிருக்கிறார். கற்றதனைத்தையும் மறந்துவிட்ட ஒருவர் அந்தப் பட்டியலில் இடம்பெறுவாரா? அவரால் ஆசி கூற இயலாது. நம் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள இயலாது. சில நேரம் உதவ வந்தவரையே திட்டவும் கூடும். அது அவருடைய காயம் பேசுவதே அன்றி அவர் பேசுவதன்று. கொடுப்பவரின் அகந்தைக்குத் தீனி போட எதுவுமே அவரிடம் இல்லை. அதனாலேயே நம் தானத்தைத் தூய்மைப்படுத்துவதில் அவருக்கு நிகரான பாத்திரம் அரிது. சங்கரர் திறந்து வைத்துச் சென்ற வாயிலில் அவரையும் அமர்த்தத் தயங்க வேண்டியதில்லை.

நிதி திரட்டுவோர் கவனத்திற்கு

தொகை சிறிதாக இருக்கிறதே என்று தயங்குவோருக்குக் காசியின் வரலாறு ஒன்று உண்டு. 1900-ஆம் ஆண்டில் காசி வீதியில் சாகும் தறுவாயில் கிடந்த ஒரு மூதாட்டியைக் கண்ட ஓர் இளைஞர், வழியே சென்ற ஒருவரிடம் நான்கணா யாசித்துப் பெற்று அவருக்குப் பால் வாங்கிக் கொடுத்தார். அந்த இளைஞரும் நண்பர்களும் தொடங்கிய பணியே பிற்காலத்தில் பெரிய மருத்துவமனையாக வளர்ந்தது. அவர்கள் தங்கள் அமைப்புக்கு ஏழைகளின் துயர் தீர்க்கும் சங்கம் என்ற பொருளில் பெயர் வைத்திருந்தார்கள். சுவாமி விவேகானந்தர் அதை மாற்றி, சேவாசிரமம் என்று வைக்கும்படி கூறினார். துயர் தீர்ப்பவன் என்ற நினைப்பே கொடுப்பவனை மேலே ஏற்றிவிடும் அல்லவா? 1898-இல் கல்கத்தாவில் பிளேக் நோய் பரவியபோது பணத்திற்கு என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. தேவையானால் மடத்திற்காக அப்போதுதான் வாங்கிய நிலத்தையே விற்றுவிடலாம் என்றார் சுவாமிஜி. விற்கும் நிலை வரவில்லை. ஆனால் விற்க அவர் தயாராக இருந்தார்.

இந்த மனப்பான்மையுடன் பண்டிகைக் கால நிதி திரட்டும் அன்பர்கள் சிலவற்றை மனத்தில் கொள்வது நலம். வாங்குவதற்கு முன், மருத்துவரையும் செவிலியரையும் குடும்பத்தாரையும் கேளுங்கள். தன்னிலை அறியாதவரைப் புகைப்படம் எடுக்காதீர்கள். அவரால் சம்மதிக்கவும் இயலாது, மறுக்கவும் இயலாது. பெறும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கொடுங்கள். கணக்கை வெளிப்படையாக வையுங்கள். பணம் கொடுக்க இயலாதவர் நேரம் கொடுக்கலாம்; ரத்தம் கொடுக்கலாம். மருத்துவமனைக்கும் நோயாளி இருக்கும் வீட்டுக்கும் அருகில் வெடி வெடிக்காமல் இருப்பதும் ஒரு காணிக்கையே. காயமுற்ற மூளைக்கு அமைதியே மருந்து.

காயமே நேராமல் காப்பது இவை எல்லாவற்றினும் மேலான சேவை. பண்டிகைக்கு ஊர் செல்லும் மகனுக்குப் புத்தாடையோடு ஒரு நல்ல தலைக்கவசமும் வாங்கிக் கொடுங்கள். உறியடித் திருவிழாவில் மனிதக் கோபுரம் அமைத்துத் தவறி விழும் இளைஞர்கள் தலையிலும் முதுகெலும்பிலும் காயமுறுகிறார்கள். கண்ணனின் பெயரால் நடப்பதில் கவனமின்மைக்கு இடம் தரலாகாது. சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டால் ஒதுங்கிப் போகாதீர்கள். நல்லெண்ணத்துடன் உதவுபவருக்கு 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்பு அளித்துள்ளது. தம் பெயரைக் கூறும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

மறு ஆண்டுத் தீபாவளி

அந்த வார்டிலிருந்து திரும்பிய இரவு, அன்பர்களிடம் நடந்ததைக் கூறினேன். எவரும் மறுத்துப் பேசவில்லை. மறுநாள் இருவர் மட்டும் சென்று அந்தப் பெண்மணியிடம் என்ன தேவை என்று கேட்டார்கள். ஒரு காற்று மெத்தையும், கைகால் பயிற்சி தருபவருக்கு மாதக் கட்டணமும் என்றார். இரண்டுக்கும் ஏற்பாடாயிற்று.

மறு ஆண்டு தீபாவளிக்கு முன் நிதி திரட்டியபோது பெயர் அச்சிட்ட தாளும் இல்லை, புகைப்படக்காரரும் இல்லை. அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். அவர் எழுந்து நடந்துவிடவில்லை. எங்களை அடையாளம் கண்டுகொள்ளவும் இல்லை. மனைவியின் குரல் கேட்டால் முகம் அந்தப் பக்கம் திரும்புகிறது என்றார்கள், அவ்வளவுதான் முன்னேற்றம். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டோம். அந்தப் பெண்மணி வெகுநேரம் தயங்கினார். பிறகு, "மகராஜ், யாராவது இங்கே இரண்டு மணி நேரம் இருந்தால், குழந்தையைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போய்த் தீபங்களைக் காட்டிவிட்டு வருவேன். போன வருஷமும் அவள் பார்க்கவில்லை" என்றார்.

அன்று மாலை இருவர் அந்தக் கட்டிலருகில் அமர்ந்தோம். செவிலியர் கற்றுக்கொடுத்தபடி அவரை ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தோம். வாயோரத்தில் வழிந்ததைத் துடைத்தோம். வேறொன்றும் செய்யவில்லை. மடத்தில் ஆரதி நடைபெறும் நேரம் அது. அதைத் தவறவிட்டதாக அன்று அடியேனுக்குத் தோன்றவில்லை.

தாயும் மகளும் திரும்பி வந்தபோது, சென்ற ஆண்டு கூறாமல் விட்ட விடையைக் கூறினேன்: "தாயே, அவர் உள்ளே இருக்கிறார்." அந்தப் பெண்மணி புன்னகைத்தார். "தெரியும் மகராஜ். அன்றைக்கு மிகவும் களைத்திருந்தேன்" என்றார். பிறகு சிறுமி அகல் விளக்கு ஒன்றை ஏற்றி, தந்தையின் கண்ணில் வெளிச்சம் படாதபடி தள்ளி, வாயிலருகில் வைத்தாள்.

இந்தப் பண்டிகைக் காலத்தில் நம் கை ரசீதுப் புத்தகத்தை நோக்கி நீளும்போது, இத்தகைய இல்லங்களும் நம் நினைவுக்கு வரட்டும். பேசாதவரிடத்தும் மறந்தவரிடத்தும் நிறைந்திருக்கும் நாராயணரை அறிந்து, அவருக்கு வேண்டியதை வேண்டிய காலத்தில் கொண்டு சேர்க்கும் பக்குவத்தை எல்லாம்வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வாராக.